வெறுந்தண்ணி வயல்

"அந்த வயலை இன்னைக்கே அறுத்து எரிச்சாவணும் மேடம். இல்லாட்டி நான் இந்த எடத்தை வுட்டு நகர மாட்டேன்."

வரப்பில் குறுக்கே நின்று தங்கராசு போட்ட சத்தத்தில், சுரங்கத்துக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த இசைப்பிரியா கையிலிருந்த நோட்டை மூடினாள். நெல்லில் குலைநோயைத் தடுக்கும் புது மருந்து ஒன்றை மூன்று பேர் வயலில் சோதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயலுக்கு மருந்து. மூன்றாவதற்கு வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டுமாம்.

அந்த மூன்றாவது வயல், வரப்போரம் நின்றிருந்த நெடுமாறனுடையது. கதிர்க் கழுத்து கறுத்து, பாதிக்கு மேல் பதராகி நின்றது.

"நோய் காத்துல பரவும்னு நீங்கதானே சொன்னீங்க? நடுவுல ஒரே ஒரு வரப்பு. என் வயலுக்கு வந்துட்டா? எனக்கு இந்த முக்கா ஏக்கர்தான் வருசம் பூரா சோறு."

"உங்களுக்குத்தான் மருந்து அடிச்சிருக்கே, ஒண்ணும் ஆவாதுங்க. இன்னும் பத்து நாள்ல கணக்கெடுத்துடுவேன். இப்ப அறுத்தா என் மூணு வருச உழைப்பு வீணாயிடும்."

இன்னொரு மருந்து வயல்காரரான ஹபீப் முகமது குறுக்கே வந்தார். "உங்க கதிரு மணி புடிச்சி தலை சாஞ்சி நிக்குது தங்கராசண்ணே. அவரு அழுவாம நிக்கிறாரு, நீங்க ஏன் அழுதுக்கினு இருக்கீங்க?"

"நீ சும்மா இரு பாய். இவன் பண்ண பாவந்தான் இப்பிடிக் கருகிக்கினு நிக்குது."

நெடுமாறன் தங்கராசுவுக்குப் பெரியப்பா மகன். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே வேலை நெடுமாறனுக்குப் போய்விட்டது. பர்மனென்ட், குவார்ட்டர்ஸ், பென்ஷன். தங்கராசு கடைசிவரை கான்ட்ராக்ட். அன்றோடு பேச்சு நின்றது. முப்பது வருஷமாகிறது.

இப்போதும் நெடுமாறன் பக்கம் திரும்பாமல் இசைப்பிரியாவிடமே சொன்னார்.

"பென்சன் வாங்குறவன் மேடம். இது போனா இவனுக்கு என்னா? அடுத்தவன் சோத்துல கை வெச்சே பழகுனவன்."

நெடுமாறன் துண்டை இடுப்பில் கட்டினார்.

"அவன் பயப்படறதும் நியாயந்தான் மேடம். அறுத்துடறேன். நீங்க மன்னிச்சிக்கணும்."

மோட்டார் கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்.

"பாத்தீங்களா? பண்ணது தெரியும். அதான் எதுத்து ஒரு வார்த்த பேசல," என்று ஜெயித்தவர்போலச் சிரித்தார் தங்கராசு.

இசைப்பிரியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். இருந்தாலும் சொல்லிடறேன். எந்த வயலுக்கு எதுன்னு நாங்க சீட்டுக் குலுக்கித்தான் முடிவு பண்ணுவோம். தண்ணி சீட்டு வந்தது உங்க வயலுக்கு."

"எ... என் வயலுக்கா?"

"ஆமா. அன்னைக்கு ஆபீசுல இருந்தவர் இவர் ஒருத்தர்தான். 'அவனுக்கு பென்சன் இல்லம்மா, இந்த ஒரு போகம் போனாலும் வூட்ல அடுப்பெரியாது, தண்ணிய எனக்கு மாத்திடு'ன்னு கெஞ்சினார். இன்னும் ஒண்ணும் அடிக்கலையேன்னு மாத்திட்டேன்."

ஹபீப் முகமது தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கராசுவுக்குத் தன் வயலைப் பார்க்கக் கூசியது. அந்தப் பக்கம் நெடுமாறன் குனிந்து முதல் பிடியைச் சேர்த்துப் பிடித்துவிட்டார்.

'அண்ணே, வாணாம்' என்று கத்த வாயைத் திறந்தார். முப்பது வருஷமாகக் கூப்பிடாத 'அண்ணே' வெளியே வரவில்லை.

வரப்பிலிருந்து குதித்து ஓடினார். அரிவாள் பிடித்திருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மட்டும் முடியவில்லை.