பெருக்கமரத்தின் நிழல்

இடுப்பு இற்று விழுவதுபோல் வலித்தது சிசிலியாவுக்கு. மழை இல்லாமற்போன நெடுந்தீவில், பானைபோல் அடி பருத்த பழைய பெருக்கமரத்தைப் பார்க்க வருபவர் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீரை இறங்குதுறையிலிருந்து சுமந்து வந்து வேரில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் ஒரு மணிநேரம் நிழல். அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான்.

ஊற்றிவிட்டு, குளிர்ந்திருந்த அடிமரத்தில் முதுகைச் சாய்த்தாள். மணி அடித்தபோதும் எழும்பவில்லை.

"அக்கா, நேரம் முடிஞ்சுது," என்றான் காவலாளி.

"இனி என்ர மனுசன்ர நேரம், தம்பி. முறை வரும், முறை வருமெண்டு காத்திருந்தே செத்துப்போனார்."

"அப்ப அவற்ற தண்ணி?"

"ரெண்டு குடம் தூக்க நான் என்ன மாடோ?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் மற்றப் பக்கம் திரும்பினான். சிசிலியா சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். கணவன் பேரில் ஒரு குடம் தண்ணீர் மரத்துக்கு இன்னும் கடன்.