சம்பந்திக்குச் சிவப்பு அட்டை

"எந்திரிச்சு நடக்க முடியுமா தாத்தா?"

"ஏன் முடியாது?" நாலடி நடந்தும் காட்டினார்.

அந்த மாணவி அவர் மணிக்கட்டில் பச்சை அட்டையைக் கட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

பத்தடி தள்ளிப் படுத்திருந்த சம்பந்திக்குச் சிவப்பு.

சிவப்புக்கு நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். சம்பந்தியைத் தூக்கினார்கள். சம்பந்தி முனகினார்.

ஒத்திகைக்கு அவ்வளவு முனகல் தேவையில்லை.

மருத்துவக் கல்லூரி மைதானம். பேருந்து ஒன்று கவிழ்ந்துவிட்டதாகப் பாவனை. அடிபட்டவர்களாக முப்பது பேர் புல்தரையில். யாரை முதலில் பார்ப்பது என்று மாணவர்கள் பழகுகிறார்கள். பழக்குகிறவள் பச்சை அட்டைக்காரரின் மருமகள். அவசர சிகிச்சை டாக்டர்.

அவர் படுக்க வந்தவரல்ல. தீர்ப்புச் சொல்ல வந்தவர்.

ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. அங்கிருப்பவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்க இரண்டு வருடம் போகட்டுமா என்று போன மாதம் கேட்டாள். மகன் அப்போதே தலையாட்டிவிட்டான். மகனின் தலையாட்டல் அந்த வீட்டில் செல்லாது.

"நீ என்ன வேலை பாக்குறேன்னு நான் ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

அதன் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

பார்க்க வந்த இடத்தில் ஆள் குறைந்தது. "மாமா, நீங்களும் கொஞ்சம் படுத்துக்கோங்க" என்றாள். கஞ்சி போட்ட வேட்டியோடு படுத்தார்.

இப்போது பச்சை.

பெண் வீட்டாருக்குச் சிவப்பு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சை. கல்யாணத்தில்கூட இப்படி நடக்க அவர் விட்டதில்லை.

நேராக மருமகளிடம் போனார்.

"இது என்னம்மா முறை? உங்க அப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"நீங்க நடந்து வர்றீங்களே மாமா."

"அதுக்கு?"

"நடக்குறவங்க, சத்தம் போடுறவங்க எல்லாம் கடைசி. சத்தமே வராதவங்களைத்தான் முதல்ல பாக்கணும்."

மின்வாரிய அலுவலகத்தில், கோயிலில், பந்தியில், நாற்பது வருடமாகச் சத்தம் போட்டே முதலில் கவனிக்கப்பட்டவர் அவர்.

திரும்பி நடந்தார். பச்சை அட்டையை அவிழ்த்து மடியில் செருகினார். ஸ்ட்ரெச்சர்கள் வந்துபோகும் பக்கமாக இடம் பார்த்தார். மேல்துண்டை விரித்துப் படுத்தார்.

சத்தமே இல்லாமல்.

கண்ணாடி போட்ட வேறொருத்தி வந்து மண்டியிட்டாள்.

"ஐயா, கேக்குதா?"

இவளுக்காவது மரியாதை தெரிந்திருக்கிறது. ஆனாலும் பதில் சொல்லவில்லை. மூச்சையும் நிறுத்தினார். தினமும் விடியற்காலையில் மூச்சுப் பயிற்சி செய்கிறவர்.

அவள் அவர் மோவாயைத் தூக்கினாள். மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

அவர் விடவில்லை.

கறுப்பு அட்டையைக் கட்டினாள்.

ஓரக்கண்ணால் மைதானத்தைப் பார்த்தார். வேறு யார் கையிலும் கறுப்பு இல்லை. நிறைவாக இருந்தது.

ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தார்.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்று குனிந்தாள். இன்னொருத்தி அவளை இழுத்தாள்.

"அவரை விடுடி. அவரு போயிட்டாரு."

கறுப்பு என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து கத்தலாம். செத்தவர் எழுந்து கத்தினால் ஊர் சிரிக்கும். சம்பந்தி முதலில் சிரிப்பார். தவிர, ஒப்புக்கொண்டதை ஒழுங்காகச் செய்து முடிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

கிடந்தார். வேறு வேலை இல்லாததால் பார்த்தார்.

சற்றுத் தள்ளி ஒரு மாணவி, படுத்திருந்தவருக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டத் திணறிக்கொண்டிருந்தாள். முகமூடி நழுவியது. மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். வாங்கி மாட்ட அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் கை முன்னால் வந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"இன்னொரு தடவை" என்றாள்.

மறுபடி நழுவியது. மறுபடி அந்தக் கை வந்தது. போனது.

மூன்றாம் முறை மாணவியே மாட்டிவிட்டாள். மருமகள் அடுத்த ஆளிடம் போனாள்.

தன் கைக்குத் தெரிந்ததைத் தான் செய்யாமல் நிற்பது.

பத்து நிமிடமாக வாயை மூடிக் கிடந்தவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

விசில் ஊதினாள். ஒத்திகை முடிந்தது. செத்தவரைப் பார்க்க எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள்.

"மாமா, எந்திரிக்கலாம்."

எழுந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி. என்னைக்குக் கிளம்பணும்?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி பிளைட்டு சம்பந்தி" என்றார் சம்பந்தி.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிக்கெட் போட்டாயிற்று. அவர் சொல்வதற்கு முன்பே.

மருமகள் தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா புல்லைப் பார்த்தார். முப்பது பேரும் மாணவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

துண்டை எடுத்து இன்னொரு முறை உதறினார். இந்த முறை அதில் தூசி இல்லை.

"செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுப் பொண்ணு எங்கேயும் கிளம்புறதில்ல. வியாழக்கிழமைக்கு மாத்து. சொல்லிக்கொடுக்கப் போறவளுக்கு அதுதான் நாள்."

அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது.

மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.