இரண்டு இருபத்தேழு

இருபத்தேழு என்று ஷரஃபுதீன் சார் வாசித்ததும் வகுப்பில் இரண்டு பேர் "பிரசென்ட் சார்" என்றோம்.

ஒரு குரல் என்னுடையது. மற்றதும் அச்சு அசல் என்னுடையதாகவே இருந்தது.

தப்பு என் பேரில்தான். மூன்று வாரம் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாதவன், திரும்பி வருவதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பதிலாக ஒருவன் தினமும் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்ததே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியும்.

சார் பதிவேட்டை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு இருபத்தேழு யாருப்பா? நீயே எந்திரிச்சுட்டா நல்லது."

கடைசி பெஞ்சிலிருந்து லூயிஸ் எழுந்தான்.

என்னோடு கேன்டீனில் குடித்தனம் நடத்தும் வைரவன் எழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. லூயிஸ் எனக்கு நண்பனே அல்ல. சாந்தோமிலிருந்து வருகிறவன், யாரோடும் ஒட்டாதவன். அவன் இழுத்து இழுத்துப் பேசுவதை நடித்துக் காட்டித்தான் நான் இரண்டாம் ஆண்டு பி.காம். முழுவதையும் சிரிக்க வைத்திருந்தேன்.

"ரெண்டு இருபத்தேழும் வெளியில போங்க," என்றார் சார்.

அந்த மூன்று வாரமும் நான் ரயிலில் இருந்தேன்.

மேற்கு மாம்பலத்தில் வீடு. அம்மா கட்டித் தரும் எலுமிச்சை சாதத்தோடு காலையில் ஒழுங்காகத்தான் கிளம்புவேன். மாம்பலத்தில் ஏறினால் அடுத்தது சைதாப்பேட்டை. அங்கே இறங்கி நடந்தால் கல்லூரி. சைதாப்பேட்டை வரும். எழுந்திருக்கக் கால் வராது. ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு வாங்கிய சீசன் டிக்கெட்டில், எழுபத்து மூன்றாம் வருடம் ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரமும், தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். டிரைவர்கள்கூட ஷிஃப்ட் மாறினார்கள். நான் மாறவில்லை.

தூக்கம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. சாதம் மண் மாதிரி இருந்தது.

வீட்டில் நான் கேட்காமல் இல்லை. "அம்மா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோ?" என்றேன். "ஏலே, இனிமேத்தான் பிடிக்கணுமாக்கும்?" என்று அம்மா சிரித்தாள். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா, கல்லாவில் நாலு நாள் உட்கார்ந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்றார். தெருக்கோடி டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எதையும் இளித்துக்கொண்டே கேட்கிறவன் நான். அவர்களும் இளித்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

முந்தின நாள் தாம்பரத்தில், பிளாட்பாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். ஒரு போர்ட்டர்தான் "தள்ளி நில்லு சார்" என்று தோளைப் பிடித்து இழுத்தான்.

அதைப் பற்றி எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை. பயந்துபோய்த்தான் மறுநாள் சைதாப்பேட்டையில் இறங்கினேன்.

வராந்தாவில் லூயிஸ் என்னை முறைத்தான்.

"வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? இன்னா ஆளுடா நீ!"

"என் குரலை எப்படிடா பிடிச்சே?"

"நீ என்னிய மாதிரிப் பேசிக் காட்டுவியே, அப்பல்லாம் நானும் உன்னியக் கேட்டுக்கினுதான இருந்தேன்."

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தேன்.

"எனக்குப் போயி எதுக்குடா…"

"அட்டெண்டன்ஸ் கொறைஞ்சா பரிச்சைக்கு உட மாட்டாங்க. ஒரு வருசம் பூடும். ஆமா, எங்க போயிருந்த?" என்றான்.

"தாம்பரத்துல பொண்ணு பாத்திருக்காங்க. முகம் மனசுல நிக்க மாட்டேங்குது, தினமும் போய்ப் பாத்துட்டு வரேன்."

லூயிஸ் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களை நான் லேசில் மன்னிப்பதில்லை. அன்று என்னவோ ஆறுதலாக இருந்தது. அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டான்.

சொன்னேன். ரயிலை, தூக்கத்தை, வீட்டில் கேட்ட கேள்வியை. பிளாட்பாரத்தின் ஓரத்தையும். உள்ளே சார் டிமாண்டை முடித்து சப்ளைக்கு வந்துவிட்டார்.

பிறகு அதே கேள்வியை, முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டேன்.

"லூயிஸ், எனக்குப் பைத்தியமாடா?"

"இல்ல."

அவ்வளவுதான். மணி கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான். மூன்று வாரமாக என் தோளில் சம்மணமிட்டிருந்த யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. அழுதேன். நடுவில் விக்கல் வேறு வந்து, அந்த அழுகையையும் கேலிக்கூத்தாக்கியது.

"அப்ப இது என்னடா?"

"வியாதி. மருந்து இருக்கு. மொதல்ல வாய் காயும். பேச்சு இழுத்துக்கினு வரும். அதுக்காக நிறுத்திடக் கூடாது. ரெண்டு மாசத்துல தூக்கம் வரும். அப்பறம் பசி."

"சரியாயிடுமா?"

லூயிஸ் என்னை நேராகப் பார்த்தான்.

"ஆவும். நான் யாராண்டயும் சொல்லாம வூட்டுலயே கெடந்து ஒரு வருசத்த உட்டவன். இப்பத் தூங்குறேன், காலேஜுக்கு வர்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரப் பாக்கணும். நீயும் வா."