எல்லாரும் அப்படித்தான்

டேட்டன் நகர நூலகத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. 'ஜென் ஸீ' எனப்படும் இன்றைய இளம் தலைமுறைப் பிள்ளைகளைப் புரிந்துகொள்வது எப்படி என்று பேச்சாளர் பிரென்ட் பேசி முடித்ததும், ரோண்டா கையை உயர்த்தினாள்.

"என் பையன் கோல்பிக்கு இருபத்திரண்டு வயசு. மத்தியானம் வரைக்கும் தூங்குவான்."

"எல்லாரும் அப்படித்தாங்க மேடம்!" என்றார் பிரென்ட்.

"வேலைக்குச் சேர்ந்த மூணாவது வாரமே முடியலைன்னு நின்னுட்டான்."

"மூணு வாரம் தாங்கினானா? மெடல் குடுங்க!" என்றாள் பக்கத்தில் இருந்த டெனீஸ்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதும்பான்."

"என் பொண்ணுக்கு சோபாவை விட்டு எந்திரிச்சாலே வாங்கும்!" என்றாள் டெனீஸ் மறுபடியும்.

எல்லோரும் சிரித்தார்கள். ரோண்டாவும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். 'ஜென் ஸீ துரை எழுந்தாச்சா?' என்று அவன் அறைக் கதவைத் தட்டி எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாள்!

"அப்போ எந்த அம்மாவா இருந்தாலும் சோம்பேறித்தனம்னுதானே நினைச்சிருப்பா?" என்று கேட்டாள்.

"சத்தியமா! இதுக்குப் போய் ஏன் மனசை வருத்திக்கிறீங்க?" என்றார் பிரென்ட்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் இங்கே வந்திருந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"ஆறு மாசம் முன்னாடியே இதயத்தைச் சோதிச்சிருந்தா பிழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. போன மாசம் அடக்கம் பண்ணினோம்."



"எல்லாரும் அப்படித்தான்னு இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று ரோண்டா பிரென்டிடம் கெஞ்சினாள்.

டெனீஸ் மகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள்.