நடுச்சுவர் யன்னல்

நானூறு வருடப் பழமையான அந்த இங்கிலாந்துப் பண்ணைவீட்டின் நடுச்சுவர் ஒருகாலத்தில் வெளிச்சுவராக இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதற்கு அப்பால் சமையலறையைக் கட்டியபோது, அதிலிருந்த யன்னலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் வழியாகத்தான் தவமலர், எழுதிக்கொண்டிருக்கும் கணவர் பரஞ்சோதியிடம் தேத்தண்ணியை நீட்டுவாள். "சூட்டோட குடியுங்கோ." புத்தக அலுமாரி வைக்க இடம் வேண்டுமென்று, அந்த யன்னலை அடைக்க, பழைய வீடுகளில் எதை மாற்றவும் அனுமதி தரவேண்டிய உள்ளூர்க் கவுன்சிலிடம் அவர் விண்ணப்பித்தார். யாருக்கும் பயனில்லாத யன்னல் என்று காரணம் எழுதினார். "அதுக்கென்ன, நான் சுத்திக்கொண்டு வாறன்" என்றாள் தவமலர். யன்னல் அடைபட்டபிறகு தேத்தண்ணி ஆறித்தான் வந்தது. அவள் இறந்து ஒரு வருடமாகிறது. அடைத்த யன்னலை மறுபடி திறக்க இன்று விண்ணப்பம் நிரப்புகிறார். யாருடைய பயனுக்காக என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால், தேத்தண்ணிக்கு அவரே வைத்துவிட்டு வந்த மின்சாரக் கேத்தல் கொதித்துத் தானாக அணைந்தது.