பல்லைப் பார்த்த மாப்பிள்ளை

"வாயத் தொறக்காதடி. சிரிப்பு வந்தாலும் உதட்டை மூடிக்கினே சிரி."

சமையல்கட்டில் கெங்கம்மாள் மகளின் காதைக் கடித்தாள். பஜ்ஜித் தட்டோடு நின்ற சாமுண்டீஸ்வரி விழித்தாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று.

கள்ளிக்குப்பம் நர்சரி பள்ளியில் டீச்சராக இருக்கும் சாமுண்டீஸ்வரியிடம் ஒரு குறையும் கிடையாது, பல்பம் தின்பதைத் தவிர. பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற அதே பல்பம்தான். சின்ன வயசில் தொற்றிக்கொண்டது, அடித்தும் கெஞ்சியும் விடவில்லை. அது தெரிந்துதான் கொரட்டூர் சம்பந்தம் கைகூடி வந்த நேரத்தில் தட்டிப்போனது. இதுவும் போனால் பெண்ணுக்கு 'மண் தின்னி' என்ற பேரே நிலைத்துவிடும் என்று கெங்கம்மாள் பயந்துகொண்டிருந்தாள்.

போதாக்குறைக்கு, ஆவடியிலிருந்து வந்திருக்கும் இந்த மாப்பிள்ளை கலியமூர்த்திக்கு வேலையே பல்லைப் பார்ப்பதுதான். மனுஷப் பல் இல்லை. ஆற்றங்கரையில் புதைந்து கல்லாகிப்போன பழங்காலத்து யானைப் பல், குதிரைப் பல். சற்றுமுன் கூடத்தில் அவனே விளக்கிக்கொண்டிருந்தான். புல்லோடு மண்ணும் சேர்ந்து வருவதால் புல் மேய்ந்ததின் பல் தேய்ந்து தட்டையாகிவிடுமாம். தழை தின்றதின் பல்லில் மேடு அப்படியே நிற்குமாம். கீறலை லென்ஸில் பார்த்தால் அந்த இடம் அந்தக் காலத்தில் புல்வெளியா காடா என்றுகூடச் சொல்லிவிடலாமாம்.

"அப்போ பல்லைப் பாத்தாலே இன்னா துன்னுச்சுன்னு சொல்லிடுவீங்க?" என்று கேட்டு வாயைப் பிளந்தார் கெங்கம்மாளின் புருஷன் பரந்தாமன். பெண்ணைப் பெற்றவர் கேட்கிற கேள்வியா அது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வேம்புலியம்மாள் வேறு, வந்ததிலிருந்து சிரிக்கவேயில்லை. பின்பக்கம் கிணறு தூர் வாரிக் கொட்டியிருந்த கல்லும் சேறும் கூடத்திலிருந்தே தெரிந்தன. அதைப் பார்க்க மகன் எழுந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அப்புறம் அவன் கையை விடவேயில்லை. நம் வீட்டு மண்ணைக்கூட இவள் பிள்ளை மிதிக்கக் கூடாதோ, என்ன கிராக்கி என்று கெங்கம்மாள் மனசுக்குள் பொருமினாள்.

சாமுண்டீஸ்வரி பஜ்ஜியைக் கொடுத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பொண்ணுக்குப் பேச்சு வருமில்ல?" என்றாள் வேம்புலியம்மாள்.

"நல்லா வருங்க" என்று சுருக்கென்று சொன்னாள் சாமுண்டீஸ்வரி. சொன்ன பிறகுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

கலியமூர்த்தி முன்னால் சாய்ந்து அவள் பல்லைப் பார்த்தான். "பல்பமா?" என்றான் மெதுவாக.

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க. தெனமும்."

"அதானே. சாக்பீஸ்ல இந்த அளவுக்குத் தேயாது."

வேம்புலியம்மாள் மகன் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மறைக்க நினைக்கவில்லை, கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாள் என்று கெங்கம்மாள் ஏதேதோ உளறினாள்.

வேம்புலியம்மாள் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் ததும்பியது.

"வுட வாணாம் சம்மந்தி, துன்னட்டும். வர்ற தையிலயே முடிச்சுடலாம்."

கெங்கம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் உயிரோடு கூடவே சந்தேகமும் வந்தது. "உங்க புள்ளைக்கு இன்னாக்கா குறை?" என்று கேட்டேவிட்டாள்.

வேம்புலியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நாக்குல ஒட்னா எலும்பாம், ஒட்டலன்னா கல்லாம். கண்ட கல்லையும் எடுத்து நக்கிப் பாக்கறான் சம்மந்தி. அதைப் பாத்துட்டு ரெண்டு எடத்துல பொண்ணு இல்லன்னுட்டாங்க. அதான் இன்னிக்குக் கையப் புடிச்சுகினே குந்தினு இருந்தேன்."

சொல்லும்போதே, விட்டுவிட்டு வந்த கை ஞாபகம் வந்து அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கெங்கம்மாளும் பின்னாலேயே ஓடினாள்.

கிணற்றடியில் கலியமூர்த்தி ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, சாமுண்டீஸ்வரி அடுத்த கல்லைக் கழுவி, தானும் ஒரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.