கடல் பக்கச் சுவர்

"காணியைத் தாறன் தம்பி. ஆனால் கடல் பக்கச் சுவருக்கு வருசா வருசம் வெள்ளை அடிக்கவேணும்," என்றார் புவனேந்திரன்.

சமாதானப் பேச்சை நம்பி ஊரில் காணி வாங்கப் புறப்பட்ட இராஜேந்திரன், ரெய்னர்ஸ் லேனில் அவர் புலம்பெயர்ந்து வாழும் வீட்டுக் கதிரையில் இருந்து சிரித்துவிட்டான்.

"அண்ணை, அது வெள்ளைக்காரன் காணி வித்த காலத்து நிபந்தனை. கப்பல்காரர் அந்தச் சுவரைப் பாத்துத் துறைமுகத்தைக் கண்டுபிடிக்கவேணும் எண்டு அரசாங்க அறிவித்தலிலை போட்டவங்கள். இப்ப அங்கை கப்பலே வாறேல்லை!"

"தெரியும்."

புவனேந்திரனின் மனைவி கமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தார். பேச்சை மாற்ற நினைத்த இராஜேந்திரன், சுவரில் மாட்டியிருந்த, பள்ளிக்கூடச் சேட்டோடு ஒரு பையன் சிரிக்கும் படத்தைக் கைகாட்டினான்.

"மகனோ அக்கா? இப்ப எங்கை?"

"கடலுக்குப் போயிருக்கிறான்."

கப்பலில் நல்ல வேலை போலும் என்று நினைத்தான்.

"எப்ப லீவிலை வருவார்?"

கமலேஸ்வரி கணவரைப் பார்த்தார்.

"இந்தப் படம் எடுத்த வருசந்தான் வள்ளத்திலை போனவன்," என்றார் புவனேந்திரன். "இருட்டினால் வெள்ளைச் சுவரைப் பாத்துக் கரைக்கு வா எண்டு நான்தான் சொல்லிவிட்டனான்."

மாலை போடாத அந்தப் படத்தை மறுபடி நிமிர்ந்து பார்க்க இராஜேந்திரனால் முடியவில்லை.

"சுண்ணாம்போ அண்ணை, பெயின்றோ அடிக்கிறனியள்?" என்று மட்டும் கேட்டான்.